கிளாரண்டன் என்னும் கொட்டை எழுத்து

மூன்றும் நான்கும் சேர்ந்தால் எத்தனை? ஏழு என்பது மளிகைக் கடைக் கணக்கு. ஐந்து என்றும் விடை வரலாம் என்பது பௌதிக மாணவர் கணக்கு. கிழக்கே மூன்று கிலோமீட்டர் நடந்து, பின் வடக்கே நான்கு கிலோமீட்டர் நடந்தவன், புறப்பட்ட இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவில்தான் நிற்பான். அளவோடு திசையும் சேர்ந்துவிட்டால் கூட்டலின் விதியே மாறிப் போகிறது. இத்தகைய அளவுகளுக்கு வெக்டர் என்று பெயர். திசையன் என்றும் சொல்வர்.

இந்த இருவகைக் கணக்கையும் புத்தகம் எவ்வாறு பிரித்துக் காட்டுகிறது? பல்கலைக்கழகப் பாடநூல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். வெக்டரைக் குறிக்கும் எழுத்து தடித்திருக்கும். வெறும் அளவைக் குறிக்கும் எழுத்து மெலிந்திருக்கும். பெரும்பாலான நூல்களில் வேறு அடையாளம் கிடையாது. மேலே சொன்ன நடையில், தடித்த 'ஏ'யையும் தடித்த 'பி'யையும் கூட்டினால் ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வெக்டர். மெலிந்த 'ஏ'யையும் மெலிந்த 'பி'யையும் கூட்டினால் ஏழு. காகிதத்தின்மேல் ஏறிய மையின் கனம் ஒன்றே பொருளை மாற்றிவிடுகிறது.

இந்தத் தடித்த எழுத்து பௌதிகத்திற்குள் எப்படி வந்தது என்று தேடிப் போனால், அதன் முன்னோர் ஒருவர் பெயரோடும் பிறந்த ஆண்டோடும் கிடைக்கிறார். பெயர் கிளாரண்டன், பிறந்த ஆண்டு 1845, ஊர் இலண்டன். கலைப் பிரிவு நண்பர்கள் இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இனிக் கணக்கு அதிகம் இல்லை. அகராதி வருகிறது, சர்க்கஸ் விளம்பரம் வருகிறது, கடைசியில் நம் தமிழ் எழுத்தும் வருகிறது.

முதலில் எழுத்தின் உடலமைப்பைத் தெரிந்துகொள்வோம். ஆங்கிலப் புத்தகங்களில் நாம் வழக்கமாகக் காணும் உரோமன் எழுத்தை உற்றுப் பார்த்தால் இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, கோடுகள் எங்கும் ஒரே பருமனாய் இருப்பதில்லை. நிமிர்ந்து நிற்கும் கோடு தடித்தும், குறுக்கே ஓடும் கோடு மெலிந்தும் இருக்கும். அகன்ற முனையுள்ள பேனாவால் எழுதிய பழைய பழக்கம் ஈயத்திலும் தொடர்ந்து வந்ததே இதற்குக் காரணம். மற்றொன்று, ஒவ்வொரு கோடும் முடியும் இடத்தில் ஒரு சிறு கட்டை குறுக்கே கிடக்கும். நம் கோயில் தூணுக்கு அடியில் பீடமும் மேலே போதிகையும் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுத் தொழிலில் இதற்குச் செரிஃப் என்று பெயர்.

அச்சு தோன்றி முந்நூற்றைம்பது ஆண்டுகள் வரையில், ஒரு பக்கத்திற்குள் ஒரு சொல்லை எடுத்துக்காட்ட விரும்பியவர்களுக்குத் தடித்த எழுத்து என்ற கருவியே இல்லை. சாய்ந்த எழுத்து உண்டு; பெரிய எழுத்து, சின்னப் பெரிய எழுத்து ஆகியவை உண்டு; சில இடங்களில் பழைய கோதிக் எழுத்தைப் பயன்படுத்துவர். 1755-ஆம் ஆண்டில் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட ஆங்கில அகராதியில் தலைச்சொற்கள் பெரிய எழுத்துக்களில்தான் அச்சாயின. இன்று எந்த அகராதியை எடுத்தாலும் தலைச்சொல் தடித்து நிற்கிறது. இதைப் பார்த்தே பழகிய நமக்கு, ஜான்சனின் பக்கம் ஏதோ ஒரே குரலில் பேசிக்கொண்டே போவதுபோல் தோன்றும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சுவரொட்டிகள் பெருகின. லாட்டரிச் சீட்டுக்காரர், நாடகக்காரர், வண்டிக் கம்பெனியார் ஆகிய எல்லோரும் தெருவில் போகிறவன் கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று விரும்பினர். எழுத்து வார்ப்பவர்கள் அதற்கேற்ப எழுத்துக்களைப் பருக்க வைத்தார்கள். ராபர்ட் தோர்ன் என்பவர் நிமிர்ந்த கோட்டை மட்டும் பன்மடங்கு தடிக்கச் செய்து, மெல்லிய கோட்டை மயிரிழையாகவே விட்டுவிட்டார். வயிறு பருத்துக் கால் சூம்பிய உருவம் அது. பிறகு 1810-களில் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்பார் எல்லாக் கோடுகளையும் ஏறக்குறைய ஒரே பருமனாக்கி, செரிஃபையும் செங்கல் போலக் கனத்த கட்டையாக்கினார். எகிப்தின்மேல் மக்களுக்கு மோகம் மிகுந்திருந்த காலம். அந்த இனத்திற்கு எகிப்தியன் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பிரமிடுகளுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இவை யாவும் தெருவுக்கு உரியவை. புத்தகத்தின் பத்திக்கு நடுவே இவற்றில் ஒரு சொல்லை வைத்தால், சங்கீதக் கச்சேரியின் நடுவே ஒருவன் தமுக்கடித்தாற்போல் ஆகிவிடும். சிறிய அளவில் வார்த்தால் எழுத்தின் உள்வெளி மையால் அடைத்தும் போகும். ஆகவே, பத்திக்குள் மற்ற எழுத்துக்களோடு ஒரே வரியில் உட்காரக்கூடிய, ஆனால் அவற்றினின்று பளிச்சென்று வேறுபடக்கூடிய ஒரு தடித்த எழுத்து தேவைப்பட்டது.

அதைத் தந்தவர் ராபர்ட் பெஸ்லி. தோர்னின் வார்ப்படச் சாலையை 1820-இல் வாங்கிய வில்லியம் தோரோகுட் என்பவருடன் கூட்டுச் சேர்ந்தவர். (தோரோகுட் அந்தச் சாலையை லாட்டரியில் விழுந்த பணத்தில் வாங்கினார் என்பர். கொட்டை எழுத்துக்குப் பிழைப்புக் கொடுத்த லாட்டரியே கொட்டை எழுத்துச் சாலையையும் வாங்கிக் கொடுத்தது!) எழுத்தைச் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். செதுக்குவது என்றால் எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிக் கையால் அராவி எடுப்பது; அதைச் செம்பில் அடித்துப் பதித்து, அந்தப் பள்ளத்தில் உருக்கிய ஈயக் கலவையை வார்த்தால் அச்செழுத்து பிறக்கும். ஒரு புள்ளி அளவுப் பிழை நேர்ந்தாலும் எஃகை மறுபடி ஒட்டவைக்க முடியாது. பெயர் பெஸ்லிக்குப் போயிற்று, கைவேலை ஃபாக்ஸினுடையது.

1845-இல் பெஸ்லி இந்த எழுத்தை வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தார். ஓர் அச்செழுத்து இவ்வாறு பதிவானது இதுவே முதல் முறை என்று அச்சு வரலாற்றாளர் கூறுவர். காப்பு மூன்றே ஆண்டுகள். நான்காம் ஆண்டு பிறந்ததும் போட்டியாளர் எல்லோரும் தத்தம் கிளாரண்டனை வார்த்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். பெஸ்லிக்கு அதனால் பெரிய நட்டம் வந்ததாகத் தெரியவில்லை. 1869-இல் அவர் இலண்டன் மாநகரின் மேயர் ஆனார். நகலெடுத்தவர்கள் எழுத்தின் பெயரைத்தான் ஊரெங்கும் பரப்பினார்கள். சில காலத்தில் பிரிட்டிஷ் அச்சகங்களில் எந்தத் தடித்த எழுத்தையும் கிளாரண்டன் என்றே சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. நம் ஊரில் நகலெடுப்பதையெல்லாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அதுபோல.

ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் அச்சகத்தை நினைவூட்டுவது இப்பெயர். அப்பெயர் கிளாரண்டன் பிரபு எழுதிய வரலாற்று நூலோடு தொடர்புடையது. அந்நூல் விற்ற வருவாயின் உதவியால் எழுந்ததே அங்குள்ள கிளாரண்டன் கட்டடம்.

சரி, இந்த எழுத்தின் தனிக் குணம் என்ன? எகிப்தியனைப் போலவே இதிலும் செரிஃப் கனமானதுதான். ஆனால் எகிப்தியனில் தூணும் கட்டையும் செங்கோணத்தில் வெட்டெனச் சந்திக்கும். கிளாரண்டனில் தூணின் அடி மெல்ல வளைந்து விரிந்து கட்டையோடு கலக்கும். ஆலமரம் தரையில் இறங்கும் இடத்தைப் பார்த்தால் இவ்வளைவு விளங்கும். தடித்த கோட்டிற்கும் மெல்லிய கோட்டிற்கும் உள்ள வேறுபாடு முற்றிலும் ஒழிக்கப்படாமல் அளவாக விடப்பட்டிருக்கிறது. அதனால்தான் பக்கத்தில் நிற்கும் மெலிந்த உரோமன் எழுத்துக்கு இது அந்நியமாகத் தெரிவதில்லை. ஒரே குடும்பத்தின் தடித்த அண்ணன் என்று தோன்றுகிறது. சின்ன 'ஏ', 'சி', 'ஆர்' போன்ற எழுத்துக்களின் நுனி ஓர் உருண்டையில் முடியும். மையின் கனம் மிகுந்தாலும் எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை இடத்தை ஃபாக்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. எழுத்தைத் தடிக்க வைப்பது எவராலும் ஆகும். தடிக்க வைத்த பிறகும் உள்ளே காற்றோட்டம் இருக்கும்படி செய்வதுதான் கைத்திறன்.

அழகான எழுத்தா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாவல் முழுவதையும் கிளாரண்டனில் அச்சிட்டால் பத்துப் பக்கத்திற்குள் கண் களைத்துவிடும். உறுதியும் நேர்மையும் கொஞ்சம் முரட்டுத்தனமும் உள்ள முகம் அதற்கு. ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட்டத்தில் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருந்து, வேண்டிய இடத்தில் ஒரு சொல் சொல்வதுபோல, ஒரு பக்கத்தில் நான்கைந்து இடங்களில் வந்தால் அதற்கு மதிப்பு.

அந்த மதிப்பை முழுதும் பயன்படுத்திக்கொண்டது அகராதிக் கலை. ஜேம்ஸ் மர்ரே பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதற்பகுதி 1884-இல் வெளிவந்தபோது தலைச்சொற்கள் தடித்த கிளாரண்டனில் நின்றன. அச்சிட்டதும் கிளாரண்டன் அச்சகமே. ஒரு பக்கத்தில் மூன்று பத்தி. ஒவ்வொரு பத்தியிலும் பொருள், ஆண்டு, மேற்கோள், சொற்பிறப்பு எனப் பொடியெழுத்தில் ஒரு காடு. அந்தக் காட்டில் கண் வழி தவறாமல் அடுத்த சொல்லுக்குத் தாவுவது இந்தக் கறுப்பு மைல்கற்களால்தான். படிப்பதற்கு ஓர் எழுத்து, தேடுவதற்கு வேறோர் எழுத்து என்ற பிரிவினையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. இரயில் கால அட்டவணை, வழிகாட்டி நூல், விலைப்பட்டியல், பாடநூலின் வரையறைகள் ஆகிய அனைத்தும் இதன் வழி வந்தவையே.

புத்தகத்திற்கென்று பிறந்த பிள்ளை தெருவுக்கும் போயிற்று. அமெரிக்காவில் 1827-இல் டாரியஸ் வெல்ஸ் என்பார் மரத்தில் எழுத்துக்களை இயந்திரத்தால் குடைந்து பெருமளவில் விற்கத் தொடங்கியிருந்தார். சாண் உயர எழுத்தை ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாது, விலையும் கட்டாது. மரம் இலேசு, மலிவு. கிளாரண்டன் மரத்தில் ஏறியதும் ஆளுக்கொரு விதமாக அதை இழுத்தும் நசுக்கியும் பார்த்தார்கள். பிரெஞ்சு கிளாரண்டன் என்றொரு வகை உண்டு. அதில் எழுத்தின் தலையும் பாதமும் பலகை போலத் தடித்து, நடு உடல் ஒல்லியாகிவிடும். ஃபாக்ஸ் செய்ததற்கு நேர் எதிர்! குதிரையும் துப்பாக்கியும் வரும் மேற்கத்திய சினிமாக்களில், தேடப்படும் கொள்ளைக்காரன் படத்திற்கு மேலேயும், சர்க்கஸ் விளம்பரத்திலும் நாம் காண்பது பெரும்பாலும் இதைத்தான்.

பின்னர் ஐம்பது ஆண்டுக் காலம் கிளாரண்டன் பழம்பாணி என்று ஒதுக்கப்பட்டது. 1953-இல் ஹெர்மன் ஐடன்பென்ஸ் என்ற சுவிஸ் ஓவியர் ஹாஸ் வார்ப்படச் சாலைக்காக அதைப் புதிதாய் வரைந்தார்; 1955-இல் அமெரிக்காவில் ஃப்ரீமன் க்ரா தம் பெயரால் ஒன்று வரைந்தார். விளம்பரக்காரர் மீண்டும் அதை விரும்பி எடுத்துக்கொண்டனர். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் சாலைப் பலகைகளில் நெடுங்காலம் கிளாரண்டன் இருந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ராலின்சன் என்னும் எழுத்துக்கு இடம் விட்டது. ஸோனி என்ற பெயர் எழுதப்படும் எழுத்திலும் இதன் சாயலைக் காணலாம்.

இனிப் பௌதிகத்திற்குத் திரும்புவோம். ஆலிவர் ஹெவிசைடு 1850-இல் இலண்டனில் பிறந்தவர். கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். தந்திக் கம்பெனியில் வேலை பார்த்து, 1874-இல், தம் இருபத்து நான்காம் வயதில் வேலையை விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டிற்குத் திரும்பினார். அதன்பின் எந்த உத்தியோகத்திற்கும் போகவில்லை. (என் வயதுக்கு ஓர் ஆண்டே கூடுதல். இந்தச் செய்தியை ஊரில் அப்பாவுக்கு எழுதாமல் இருப்பதே நலம்.) அறைக்குள் அமர்ந்து அவர் படித்தது ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1873-இல் வெளியிட்ட மின்காந்தப் பெருநூல்.

மாக்ஸ்வெல் 1865-இல் வெளியிட்ட கட்டுரையில் இருபது சமன்பாடுகள் இருந்தன. மின்புலம் என்ற ஒன்றையே மூன்று திசைக்கு மூன்று எழுத்தாக உடைத்து எழுதியதால் வந்த பெருக்கம் அது. பெருநூலில் அவர் வெக்டர் முழுவதையும் ஒரே எழுத்தால் குறிக்கவும் முயன்றார். அதற்கு அவர் தேர்ந்தது ஜெர்மன் கோதிக் எழுத்து. அந்த எழுத்தில் 'ஏ'யும் 'யூ'வும் ஒன்றுபோல் இருக்கும். 'பி'யும் 'வி'யும் இரட்டைப் பிள்ளைகள். படிக்கவும் கடினம், கையால் எழுதவும் கடினம். வெக்டர்க் கணிதத்தின்மேல் வாசகனுக்கு வெறுப்பு உண்டாக இந்த எழுத்து ஒன்றே போதும் என்ற கருத்தில் ஹெவிசைடு பின்னாளில் எழுதினார். அமெரிக்காவில் கிப்ஸ் அதே காலத்தில் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்திப் பார்த்தார். கிரேக்க எழுத்துக்கோ கோணம், அடர்த்தி, அலைநீளம் என்று ஏற்கெனவே வேலை மிகுதி.

ஹெவிசைடு அச்சகத்தில் ஏற்கெனவே இருந்த கிளாரண்டனை எடுத்துக்கொண்டார். இதில் அவர் கண்ட நயத்தைக் கவனியுங்கள். மின்புலத்தின் வெக்டருக்குத் தடித்த 'ஈ'. அதே மின்புலத்தின் அளவுக்கு மட்டும் மெலிந்த 'ஈ'. எழுத்து ஒன்றே, பெயர் ஒன்றே. உடல் பருத்தால் திசையும் உண்டு, மெலிந்தால் அளவு மட்டும். கோதிக்கிலோ கிரேக்கத்திலோ இந்த உறவு கண்ணுக்குத் தெரியாது. பத்திக்குள் மெலிந்த எழுத்தோடு இணங்கி நிற்பதற்கென்றே ஃபாக்ஸ் செதுக்கிய குணம், நாற்பது ஆண்டு கழித்து, அவர் கனவிலும் நினைத்திராத ஒரு துறைக்குப் பொருந்தி வந்தது.

1880-களில் தந்திப் பொறியாளர் படிக்கும் 'எலக்ட்ரீஷியன்' என்ற வாரப் பத்திரிகையில் ஹெவிசைடு தொடர்ந்து எழுதினார். மாக்ஸ்வெல்லின் கொள்கை நாம் இன்று படிக்கும் நான்கு சமன்பாடுகளாகச் சுருங்கியது அவர் கையால்தான். 1893-இல் வந்த 'மின்காந்தக் கொள்கை' நூலின் முதல் தொகுதியில் வெக்டர்க் கணிதத்திற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கி, இந்த எழுத்துமுறையையும் விளக்கினார். டெய்ட் போன்ற பழைய முறையினர் கடுமையாய் எதிர்த்தனர். 1901-இல் கிப்ஸின் விரிவுரைகளை நூலாக்கிய அவர் மாணவர் வில்சன், ஆசிரியரின் கிரேக்க எழுத்தை விட்டுவிட்டுக் கிளாரண்டனையே பின்பற்றினார். அதற்குப் பின் வழக்கு முடிந்துவிட்டது எனலாம்.

அச்சுக் கோப்பவர் பாடுதான் திண்டாட்டம். ஒவ்வோர் எழுத்து வகையும் தனித்தனி அறைத்தட்டில் கிடக்கும். கேஸ் என்று அச்சகத்தில் சொல்வது அதைத்தான். ஒரு சமன்பாட்டிற்குள் மெலிந்தது, சாய்ந்தது, தடித்தது, கிரேக்கம் என நான்கு தட்டுகளுக்குக் கை போய்வர வேண்டும். கையெழுத்துப் பிரதியில் எது தடிக்க வேண்டும் என்று ஆசிரியர் காட்டவேண்டுமே? அதற்கு எழுத்தின் கீழே அலைபோல ஒரு கோடு போடுவது அச்சுத் திருத்தக்காரர் மரபு. அந்த அலைக்கோடு அச்சகத்தோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் பலர் இன்றும் வெக்டரைக் கையால் எழுதும்போது எழுத்தின் கீழே அலைக்கோடுதான் போடுகிறார்கள். நம் பேராசிரியர்களிலும் சிலர் மேலே அம்பு இடுகிறார்கள், சிலர் கீழே கோடு இடுகிறார்கள். கீழே இடுபவர்கள் எல்லோரும் அறியாமலே ஏதோ ஓர் அச்சகத்திற்கு ஆணையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

சுண்ணக்கட்டியால் தடித்த எழுத்து எழுத முடியாது என்பதால் கணித ஆசிரியர்கள் வேறொரு வழி கண்டார்கள். எழுத்தின் ஒரு கோட்டை இரட்டையாய் இழுத்துவிடுவது. மெய்யெண்களின் தொகுதிக்கு எழுதும் இரட்டைக்கால் 'ஆர்' அப்படிப் பிறந்தது. தடித்த எழுத்துக்குப் பதிலியாகக் கரும்பலகையில் தோன்றிய அந்த உருவம், 1960-களில் அச்சுப் புத்தகத்திற்குள்ளேயே தனி எழுத்தாக ஏறி அமர்ந்துவிட்டது.

இன்றைய பௌதிக ஏடுகளில் அசல் கிளாரண்டனைக் காண்பது அரிது. 1932-இல் இலண்டன் டைம்ஸ் நாளிதழுக்காகத் தோன்றிய டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தின் தடித்த வடிவமோ, டொனால்டு நூத் 1978-இல் வெளியிட்ட டெக் மென்பொருளோடு வந்த தடித்த எழுத்தோ அந்த வேலையைச் செய்கிறது. வெக்டரைத் தடித்தும் சாய்த்தும் அச்சிட வேண்டும் என்பது இன்றைய சர்வதேசத் தரம். முகம் மாறியது, வேலை பழையதே.

அந்த வேலை கெட்டுப்போனால் என்ன நேரும் என்பதற்கு எங்கள் விடுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மின்னியல் குறிப்புகள் ஒரு கட்டு, சீனியர் அண்ணன் ஒருவர் கணினியில் ஒழுங்காகக் கோத்தவை, ஆண்டுதோறும் கைமாறி வருகின்றன. முதற்பிரதி எங்கேயோ போய்விட்டது. நகலின் நகலுக்கு நகல் எடுத்ததில், ஒவ்வொரு முறையும் மெல்லிய கோடு சிறிது பருத்து, கடைசியில் மெலிந்ததும் தடித்ததும் ஒன்றாகிவிட்டன. கூலும் விதியில், தடித்த 'ஆர்' என்பதை மெலிந்த 'ஆர்' என்பதன் மும்மடியால் வகுக்கும் ஓர் உறுப்பு வருகிறது. மேலே உள்ளது திசையோடு கூடியது. கீழே உள்ளது வெறும் தொலைவு. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் பள்ளிப் பழக்கப்படி என்ன செய்வோம்? மேலும் கீழும் ஒன்றை ஒன்று அடித்துவிடுவோம். அந்தக் கட்டை நம்பிப் படித்த தம்பிகள் இருவர் அதைத்தான் செய்தார்கள். திசை காணாமற் போயிற்று. செங்குத்தாய் இழுக்கும் இரண்டு விசைகளை மூன்றும் நான்கும் ஏழு என்று கூட்டிவைத்தார்கள். விதியை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் கையில் இருந்த தாள் அவர்களுக்கு அரைப்பாதியைத்தான் சொன்னது. இப்பொழுது அந்தக் கட்டிலுள்ள ஒவ்வொரு வெக்டரின் கீழும் சிவப்பு மையில் அலைக்கோடு போடும் வேலையை நாங்கள் மூவர் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம். நாற்பத்தொரு பக்கம் முடிந்தது.

இனி நம் எழுத்து. ஆங்கிலத்தில் எழுதுபவனுக்குப் பெரிய எழுத்து உண்டு, சாய்ந்த எழுத்து உண்டு, தடித்த எழுத்தும் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை. சாய்வும் நம் எழுத்தோடு பிறந்ததன்று. கணினி எதையும் சாய்த்துத் தரும், ஆனால் சாய்ந்த தமிழ் பெரும்பாலும் தள்ளாடுவதுபோலவே தெரிகிறது. ஆதலால் ஆங்கிலத்தில் மூவர் சுமக்கும் சுமையைத் தமிழில் தடித்த எழுத்து ஏறக்குறைய ஒருவராகவே சுமக்கிறது. "கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்" என்று நம் வீட்டுப் பாட்டிமார்கூடச் சொல்கிறார்கள் அல்லவா? பருமனும் பெரிய அளவும் அந்த ஒரு சொல்லிலேயே கலந்திருக்கின்றன.

ஆனால் தமிழ் எழுத்து தடிப்பதற்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. சுழிகளும் வளைவுகளும் நெருங்கி நிற்பவை நம் எழுத்துக்கள். றன்னகரத்திற்கும் டண்ணகரத்திற்கும் வேறுபாடு ஒரே ஒரு சுழி. அந்தச் சுழியின் உள்வெளி அடைத்துப் போனால் மனமும் மணமும் ஒன்றாகிவிடும். மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளி கீழே இறங்கி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் உயிர்மெய்யாகிவிடும். பௌதிகத்தில் தடிப்பு காணாமற் போனால் பொருள் கெடுகிறது. தமிழில் தடிப்பு மிகுந்தாலே கெடும்.

இங்கேதான் ஃபாக்ஸின் கைவேலை நமக்குப் பயன்படுகிறது. எழுத்தை உள்நோக்கித் தடிக்க விடாமல் வெளிநோக்கி அகல விட வேண்டும். கோடுகள் சந்திக்கும் மூலையில் கனத்தைக் குறைக்க வேண்டும். மெல்லிய கோட்டையும் சிறிது தடிக்கச் செய்து தடித்த கோட்டோடு இணக்க வேண்டும். இவ்வாறு தனியே வரையப்பட்ட தடித்த எழுத்துக்கள் தமிழிலும் இன்று இருக்கின்றன. நோட்டோ வரிசையிலுள்ள தமிழ் எழுத்துரு பல கனங்களில் கிடைக்கிறது. செரிஃப் வகையும் உண்டு. ஆனால் தடித்த வடிவமே இல்லாத எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து, கணினியில் தடிப்புப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? இல்லை என்று அது சொல்லாது. இருக்கிற எழுத்தையே சுற்றிலும் ஒரே அளவாய் ஊதிப் பெருக்கித் தந்துவிடும். சுழிகள் கண்ணை மூடிக்கொள்ளும்.

நம் சங்க மலருக்குக் கட்டுரை தரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்திக்கு ஐந்து இடத்தைத் தடித்த எழுத்தாக்கி அனுப்பாதீர்கள். பக்கம் முழுவதும் தமுக்கடித்தால் எதுவும் காதில் விழாது. தடிக்க வேண்டிய சொல் இருந்தால் அதன்கீழ் ஓர் அலைக்கோடு போட்டுக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கோப்பவர்களுக்கு ஒரு சோதனை: எழுத்துருவைத் தேர்ந்தவுடன் 'மணம், மனம்' என்ற இரண்டு சொற்களைத் தடித்த வடிவில், எட்டுப் புள்ளி அளவில், மலர் அச்சாகும் அதே தாளில் அச்சிடுங்கள். தாளைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைத் தோழரைப் படிக்கச் சொல்லுங்கள். எது மணம், எது மனம் என்று அவர் ஒரு நொடி தயங்கினாலும் வேறு எழுத்துருவைத் தேட வேண்டியதுதான்.